பழைய பாரவண்டியின் இருக்கையைச் செப்பனிடுதல்

வில்லியனூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து நெல், கறிகாய், பூ முதலியவற்றை ஏற்றிக்கொண்டு, ரெட்டியார்பாளையம் வழியாகப் புதுச்சேரிக்குச் செல்லும் சிறு பாரவண்டிகள் பல. குடியானவர்கள் பெரும்பாலும் இவற்றைப் பிக்கப் வண்டி என்றே சொல்லுவார்கள். ஏர்மாட்டின் கழுத்தில் புண் கண்டால் உடனே நுகத்தைச் சீர்செய்யும் குடியானவர், தம் முதுகு நோகும்படியான வண்டி இருக்கையைப் பல வருஷங்கள் கவனியாமல் விட்டுவிடுகிறார். குழி விழுந்த இடத்தில் ஒரு கோணிச் சாக்கை மடித்துப் போட்டுக் காலந்தள்ளுவதே வழக்கமாயிருக்கிறது. இது சிக்கனமன்று.

கெடுதல் எவ்வாறு உண்டாகிறது

உட்கார்ந்திருக்கும் மனிதனின் உடல், விநாடிக்கு 4 முதல் 8 தடவை வரை மேலும் கீழுமாக ஏற்படும் அதிர்ச்சியினால் மிகுதியாகப் பாதிக்கப்படுகிறது. மேடுபள்ளமான பாதையில் ஓடும் வண்டியின் குலுக்கலில் இவ்வளவான அதிர்ச்சியும் கலந்தே இருக்கும். பஞ்சு தேய்ந்து, ஸ்பிரிங் ஒடிந்த இருக்கை இதைத் தாங்காமல் முதுகெலும்புக்கே அனுப்பிவிடும். அன்றியும், கிழிந்த உறை வழியே மழைத்தண்ணீரும் வேர்வையும் உள்ளே இறங்கித் தங்கும். கடற்காற்றில் உப்பு கலந்திருக்கும் புதுச்சேரிப் பிரதேசத்தில், இந்த ஈரம் இருக்கைச் சட்டத்தையும் அதன் கீழுள்ள தளத்தகட்டையும் துருவேற்றுகிறது. சிந்திய தானியத்தை நாடி எலி குடிபுகுவதும் உண்டு.

முதலில் செய்யவேண்டியது

புதிய ரெக்ஸின் உறை ஒன்றை மேலே மாட்டிவிட்டால் இருக்கை புதுப்பிக்கப்பட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். அடித்தளம் பழுதான சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதே இது. இருக்கை வேலை கீழிருந்து மேல் நோக்கியே நடைபெறவேண்டும்: முதலில் சட்டம், பின்பு ஸ்பிரிங், அதன்மேல் பஞ்சு, கடைசியாக உறை.

இருக்கையைக் கழற்றுமுன் பேட்டரியின் இணைப்பை நீக்கிவிடவேண்டும். சில வண்டிகளில் பேட்டரி இருக்கையின் கீழேயே அமைந்திருக்கும். தொங்கிய ஸ்பிரிங் அதன் முனைகளில் பட்டால் தீப்பிடிக்கக்கூடும். பழைய வில்லிஸ் வகை ஜீப்புகளில் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் பெட்ரோல் தொட்டி இருக்கும். ஆகையால் இவ்விடத்தில் வெல்டிங் வேலையைத் தேர்ந்த தொழிலாளியிடமே ஒப்படைத்தல் அவசியம்.

பழைய பஞ்சைத் திறந்த வெளியில், மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு பிரிக்கவேண்டும். பூச்சிமருந்து சிந்திய பஞ்சை எக்காரணங்கொண்டும் மறுபடி உபயோகிக்கலாகாது. அது எத்தனை தடவை காய்ந்தாலும், ஓட்டுபவரின் வேர்வையில் ஊறி அவர் தோலில் படும்.

சட்டமும் ஸ்பிரிங்கும்

சட்டத்திலுள்ள துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தெடுத்து, ரெட் ஆக்ஸைடு பூசி, அது நன்றாய்க் காய்ந்தபின் வர்ணம் அடிக்கவேண்டும். ஒடிந்த ஸ்பிரிங்கை வெல்டிங் வைத்து ஒட்டுவது தவறு. சூடேறிய இடத்தில் அதன் முறுக்கு போய்விடும். அதே கனமுள்ள வேறு ஸ்பிரிங்கை மாற்றுவதே முறை. தளத்தகடு அரித்திருந்தால் முதலில் அதற்கு ஒட்டுப்போட்டு, போல்ட்டுகளின் அடியில் அகலமான இரும்பு வில்லைகளை வைத்து முடுக்கவேண்டும். திடீரென்று பிரேக் போடும்போது இருக்கை பெயர்ந்தால், மற்றெல்லாச் செலவும் வீணே.

பஞ்சைத் தேர்ந்தெடுத்தல்

ஸ்பிரிங்கின்மேல் நேராக நுரைப்பஞ்சை வைத்தால் கம்பி அதைச் சீக்கிரத்தில் அறுத்துவிடும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் ஏற்றிய தென்னைநார் அடுக்கு ஒன்று இருத்தல் நலம். தென்னைநாரைக் கயிறாக முறுக்கிச் சுருளச் செய்து, பின்பு பிரித்துப் பரப்பி, ரப்பர்ப்பாலைத் தெளித்து, சூட்டில் பதப்படுத்தி இதைத் தயாரிக்கிறார்கள். இதனூடே காற்று புகுவதால் ஈரம் தங்குவதில்லை. குடியானவர் விற்ற தேங்காய் மட்டையே இவ்வாறு அவர் வண்டிக்குத் திரும்பி வரக்கூடும்.

அதற்கு மேல் வைக்கும் நுரைப்பஞ்சைக் கடைக்காரர்கள் 'டென்சிட்டி' என்னும் எண்ணால் பிரித்துச் சொல்லுகிறார்கள். ஒரு கன மீட்டர் பஞ்சின் எடை எத்தனை கிலோ என்பதையே அவ்வெண் குறிக்கும். தினந்தோறும் ஓடும் வண்டிக்கு 40 எண்ணுள்ள பஞ்சு ஏற்றது. இதைத் தராசிலேயே சோதித்துக்கொள்ளலாம். 120 சென்டிமீட்டர் நீளம், 50 சென்டிமீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் கனமுள்ள பலகை, எண் 40 ஆனால் சுமார் 2.4 கிலோ நிற்கும். எண் 20 ஆனால் 1.2 கிலோவே நிற்கும். இலேசான பஞ்சு வாங்கும்போது மெத்தென்று இருக்கும். நாளடைவில் அமுங்கி மறுபடி குழி விழும்.

பஞ்சின் கனத்தை மிதமிஞ்சிக் கூட்டுவதும் கூடாது. இருக்கை உயர்ந்துவிட்டால் கால் பெடலுக்கு எட்டாது. தலையும் கூரையில் இடிக்கும். முன்விளிம்பு பின்பக்கத்தைவிடச் சிறிது உயர்ந்திருந்தால், ஓட்டுபவர் முன்னுக்குச் சறுக்கமாட்டார்.

உறை தைத்தல்

பழைய உறையைக் கிழித்தெறியாமல், தையல்களைப் பிளேடால் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் முன், பின், இடம், வலம் என்று அடையாளமிட்டு, அதையே மாதிரியாகக் கொண்டு புதியதை வெட்டவேண்டும். தையலுக்கு ஓர் அங்குலம் விடுதல் வேண்டும். பருத்தி நூல் ஈரத்தில் இற்றுப்போகுமாதலால் நைலான் நூலே தகுந்தது. உட்காரும் இடத்தின் நடுவிலும், ஏறி இறங்கும்போது உராயும் ஓரத்திலும் தையல் வராமல் பார்த்துக்கொள்ளவேண்டும். ரெக்ஸினைச் சிறிது நேரம் வெயிலில் காயவைத்து மாட்டினால் அது இளகிச் சுருக்கமின்றிப் படியும். அடிப்பக்கத்தில் காற்றுப்போக்குக்கு இடம்விட்டு, மேலே துவைக்கக்கூடிய பருத்தித்துணி விரிப்பைப் போட்டால் வெயிற்காலத்தில் சூடு தெரியாது.

அதிகாரிகள் கவனத்திற்கு

கூட்டுறவுச் சங்க வண்டிகளுக்கும் பஞ்சாயத்து வண்டிகளுக்கும் இவ்வேலை செய்விக்கும்போது சட்டம், ஸ்பிரிங், பஞ்சு, உறை ஆகியவற்றுக்குத் தனித்தனியே மதிப்பீடு கேட்டு வாங்குதல் நலம். உறை பூட்டுமுன் ஒருவர் நேரில் சென்று உள்வேலையைப் பார்வையிடவேண்டும். உறை மூடியபின் நல்ல வேலையும் கெட்ட வேலையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும்.

ஐப்பசி மழைக்கு முன்னதாக, வெயில் உள்ள நாட்களிலேயே இதை முடித்துக்கொள்ளவேண்டும். தேய்ந்த டயரை மாற்றலாம், பழுதான என்ஜினையும் மாற்றலாம். வண்டியோட்டுபவரின் முதுகெலும்புக்கு மாற்றுச் சாமான் எந்தக் கடையிலும் கிடையாது.