புளிப்பு காக்கும் உடல்

பாலூட்டிகளில் மனிதப் பெண்ணின் யோனி ஒரு விதிவிலக்கு. குரங்குகள் உட்பட மற்ற விலங்குகளில் அந்தப் பகுதி அமிலமும் காரமும் இல்லாத நடுநிலையை ஒட்டியே இருக்கிறது. மனிதரில் மட்டும்தான் லாக்டோபேசில்லஸ் என்னும் பாக்டீரியா அங்கே பெருங்கூட்டமாகக் குடியிருந்து, லாக்டிக் அமிலத்தைச் சுரந்து, தயிருக்கு நிகரான புளிப்பை நிலைநிறுத்துகிறது. பிஹெச் அளவில் ஏறக்குறைய 3.5 முதல் 4.5 வரை. ஈஸ்ட்ரோஜன் தூண்டுதலால் யோனிச் சுவர்ச் செல்கள் கிளைக்கோஜனைச் சேமிக்கின்றன. அது சிதைந்து கிடைக்கும் சர்க்கரைதான் இந்தப் பாக்டீரியாக்களுக்கு உணவு. பெண்ணுடல் உணவு தருகிறது, பாக்டீரியா காவல் காக்கிறது. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892-லேயே இந்தக் குடியிருப்பாளர்களை விவரித்துவிட்டார்.

இந்தக் கூட்டம் சரிந்து, ஆக்சிஜன் இல்லாமலே வாழக்கூடிய வேறு பாக்டீரியாக்கள் பெருகும் நிலைதான் பாக்டீரியல் வஜினோசிஸ். இனப்பெருக்க வயதில் உள்ள பெண்களில் உலகளவில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இது இருக்கிறது. சாம்பல் நிறத்தில் நீர்த்த வெள்ளைப்படுதலும் மீன் வாடையும் இதன் அடையாளங்கள். பலருக்கு எந்த அறிகுறியும் தெரிவதில்லை.

லாக்டோபேசில்லஸ் எப்படிக் காவல் காக்கிறது? 1980-களின் இறுதியில் ஒரு விடை பிரபலமானது. அந்தப் பாக்டீரியாக்களில் பல ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கின்றன, ஆரோக்கியமான பெண்களிடம் அந்த வகையே அதிகம் இருக்கிறது, ஆகவே பெராக்சைடுதான் எதிரிகளைக் கொல்கிறது என்றார்கள். புண்ணைக் கழுவும் அதே பெராக்சைடு. கேட்பதற்கு நேர்த்தியான விளக்கம். ஆனால் பெராக்சைடு உண்டாக ஆக்சிஜன் வேண்டும். யோனிக்குள் ஆக்சிஜன் மிகவும் சொற்பம். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதைச் சோதித்தார்கள். உடலில் இருக்கக்கூடிய அளவு பெராக்சைடு நோய்ப் பாக்டீரியாக்களை அசைக்கவில்லை. யோனித் திரவமே அதைச் செயலிழக்கச் செய்தது. அளவைப் பெரிதாகக் கூட்டியபோதோ, லாக்டோபேசில்லஸ்தான் அதிகம் மடிந்தது! லாக்டிக் அமிலம் மட்டும், உடலில் இருக்கும் அளவிலேயே, நோய்ப் பாக்டீரியாக்களைக் கொன்றது. இருபது ஆண்டுகள் நம்பிய ஒன்றை எளிய சோதனைகளால் புரட்டிய இந்த ஆய்வை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

அமிலக் காவல் தளர்ந்ததும் செல்களுக்கு என்ன ஆகிறது என்பதில்தான் விஷயம் தீவிரமாகிறது. கார்ட்னெரெல்லா என்ற பாக்டீரியாவின் பல வகைகள் முதலில் சியாலிடேஸ் நொதியால் செல்களைப் போர்த்தியிருக்கும் சளிப்படலத்தை அரிக்கின்றன. அடுத்து வருவது வஜினோலைசின் என்ற நச்சுப் புரதம். நமது நோயெதிர்ப்பு மண்டலம் தவறுதலாக நம் செல்களையே தாக்கிவிடாமல் தடுக்க, செல்களின் மேல் சிடி59 என்ற காப்புப் புரதம் இருக்கிறது. வஜினோலைசின் பற்றிக்கொள்வது அந்தக் காப்புப் புரதத்தைத்தான்; அதுவும் மனிதருக்கே உரிய வடிவத்தை. பற்றியபின் செல்லின் சவ்வில் துளையிடுகிறது.

துளை வழியே கால்சியம் உள்ளே பாய்கிறது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா தடுமாறி, வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைக் கசியவிடுகிறது. சாதாரண நாளிலும் இவை கொஞ்சம் உருவாகும்; குளுட்டாதையோன் என்ற சிறு மூலக்கூறு அவற்றை அடக்கிவிடும். உற்பத்தி அடக்கும் திறனை மிஞ்சும்போது வருவதுதான் ஆக்சிஜனேற்ற அழுத்தம். சவ்வின் கொழுப்பும் புரதங்களும் டிஎன்ஏவும் சிதைகின்றன. பாதிப்புள்ள பெண்களின் யோனித் திரவத்தில் குளுட்டாதையோன் குறைந்திருப்பதை ஆய்வுகள் பதிவு செய்துள்ளன. சுவரிலிருந்து உதிர்ந்த செல்களை நுண்ணோக்கியில் பார்த்தால், விளிம்பே தெரியாத அளவுக்குப் பாக்டீரியா அப்பியிருக்கும். அமெரிக்க ஆய்வாளர்கள் கார்ட்னரும் டியூக்ஸும் 1955-இல் விவரித்த இந்தச் செல்கள், இன்றும் நோயறிதலுக்கு உதவுகின்றன.

அரண் பழுதானால் மற்றவையும் நுழையும். இந்நிலையில் எச்ஐவி தொற்றும் அபாயம் சுமார் 60 சதவீதம் கூடுவதாகவும், கர்ப்பிணிகளுக்குக் குறைப்பிரசவ வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்காவதாகவும் தொகுப்பாய்வுகள் காட்டுகின்றன.

மெட்ரோனிடசோல், கிளிண்டமைசின் ஆகிய மருந்துகளால் குணம் தெரியும். ஆனால் ஓராண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் திரும்பி வருகிறது. செல்களின் மேல் ஒட்டிய பிசின் போன்ற படலத்துக்குள் பாக்டீரியா பதுங்குவது ஒரு காரணம். 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு மற்றொன்றைக் காட்டியது: பெண்ணுக்கு மட்டும் மருந்து தந்தபோது 12 வாரங்களில் 63 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது, ஆண் துணைக்கும் சேர்த்துத் தந்தபோது 35 சதவீதமாகக் குறைந்தது.

சுத்தமில்லாததால் வருகிறது என்று எண்ணிக் குறுகிப்போகும் பெண்கள் ஏராளம். அது தவறு. சோப்பும் வாசனைத் திரவமும் போட்டு உள்ளே கழுவுவதுதான் அந்தப் புளிப்பைக் கலைக்கும். உள்ளே எதையும் ஊற்றிக் கழுவாதீர்கள். வெள்ளைப்படுதலின் வாடையோ நிறமோ மாறினால், வெட்கப்படாமல் மகப்பேறு மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் கணவரையும் அழைத்துச் செல்லுங்கள்.