சட்டம் வந்தது, சேதி வந்ததா?

சட்டமன்ற உறுப்பினர் ஊருக்கு வருகிறார் என்றால் நம்மவர் கைகளில் மனுக்கள் ஆயத்தமாகிவிடும். தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், கல்லறைத் தோட்டத்துக்குச் சுற்றுச்சுவர், முதியோர் உதவித்தொகை என்று பட்டியல் நீளும். இவை வேண்டாதவை என்று யாம் கூறவில்லை. ஆயினும் அவரை நாம் எதற்காகத் தேர்ந்தெடுத்து அனுப்பினோம் என்பதை அவரும் மறந்துவிடுகிறார், நாமும் மறந்துவிடுகிறோம். தமிழகச் சட்டமன்றத்தில் உள்ள 234 இடங்களும் சட்டம் இயற்றுவோர்க்கு உரியவை. 1986-இல் மேலவை நீக்கப்பட்ட பின்னர், ஒரு மசோதாவை மறுமுறை சீர்தூக்கிப் பார்க்க வேறோர் அவையும் இல்லை. அவை 'ஆம்' என்றதும் மசோதா ஆளுநரின் ஒப்புதலுக்குச் செல்கிறது. பின்னர் அரசிதழில் வெளியாகிறது. அரசிதழை வாங்கிப் படிக்கும் குடும்பம் நம் பங்குகளில் எத்தனை இருக்கும்?

2022-ஆம் ஆண்டு, நாம் பணியாற்றிய பங்கு ஒன்றுக்கு அத்தொகுதி உறுப்பினர் ஒரு ஞாயிறன்று வந்திருந்தார். திருப்பலி முடிந்து மக்கள் பங்குக் கூடத்தில் கூடியிருந்தனர். மனுக்களைப் பின்னர் வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார். சென்ற ஆண்டில் அவையில் நிறைவேறிய சட்டங்களைச் சொல்லப்போகிறேன் என்றார். மெய்யாகவே நமக்கே சற்று அலுப்புத் தட்டியது. பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்த்தனர். இரண்டொரு சட்டங்களைக் கூறிய பின்னர் அவர் கேட்டார்: "துணிக்கடை, நகைக்கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் யாரேனும் இருக்கிறீர்களா அம்மா?" பின்வரிசையில் ஐந்தாறு பெண்கள் தயக்கத்தோடு எழுந்து நின்றனர். "நிற்க வேண்டாம், உட்காருங்கள். நீங்கள் உட்காருவதற்குத்தான் சட்டம் செய்திருக்கிறோம்" என்றார். கூடத்தில் சிரிப்பெழுந்தது. அந்தப் பெண்கள் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் குறிப்பிட்டது 2021 செப்டம்பரில் அவையில் கொண்டுவரப்பட்ட திருத்தச் சட்டத்தை. 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்னும் பிரிவு புதிதாகச் சேர்க்கப்பட்டது. கடையில் பணிபுரிவோர் அனைவர்க்கும் தகுந்த இருக்கை வசதி இருத்தல் வேண்டும்; வேலைக்கிடையே வாய்ப்புக் கிட்டும்போது அவர்கள் அமர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சாரம். நாள் முழுதும் நின்றே இருப்பதால் பணியாளர்க்கு உடல்நலக் கேடுகள் உண்டாகின்றன என்பதே காரணமாகக் கூறப்பட்டது. காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு, இரவில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடக்கும் மகளைப் பார்த்த தாய்மார்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

இந்த எண்ணம் நம் அண்டை மாநிலத்தில் தோன்றியது. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்துவந்த விஜி என்னும் பெண்மணி, கடைப் பெண்களைத் திரட்டி, முதலில் கழிப்பறைக்காகவும் பின்னர் இருக்கைக்காகவும் ஆண்டுக் கணக்கில் போராடினார். 2018-இல் கேரள அரசு சட்டம் கொண்டுவந்தது. அங்கே கேட்டவர்களுக்குச் சட்டம் கிடைத்தது. இங்கேயோ சட்டம் வந்து சில மாதங்களாகியும், அது யாருக்காக வந்ததோ அந்தப் பெண்கள் அறிந்திருக்கவில்லை.

கூட்டம் கலைந்த பின்னர் அவர்களுள் ஒருத்தி நம்மிடம் வந்து, "சாமி, எங்கள் கடையில் முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அது எதற்கென்று இன்றுதான் தெரிந்தது. மேற்பார்வையாளர் அதன் மேல் துணிக்கட்டை வைத்துவிடுகிறார்" என்றாள். அவளை உறுப்பினரிடம் அழைத்துச் சென்றோம். தொழிலாளர் உதவி ஆய்வாளரிடம் புகார் கொடுக்கலாமே என்றார் அவர். "கொடுத்தது யார் என்று தெரிந்தால் வேலை போய்விடும் ஐயா" என்றாள். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, பெயர் ஒன்றும் வேண்டாம், கடைப் பெயரும் வேண்டாம் என்று சொல்லி, அந்தக் கடைத்தெரு முழுவதையும் பார்வையிடும்படி தாமே துறைக்கு எழுதினார். ஆய்வாளர் வந்தார், எல்லாக் கடைகளிலும் பார்த்தார். துணிக்கட்டு இறங்கியது. வாடிக்கையாளர் இல்லாத வேளையில் இப்போது உட்காருகிறார்களாம். மேற்பார்வையாளரின் முறைப்பு மட்டும் குறையவில்லையாம்.

1891-ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் தம் சுற்றுமடலில், தொழிலாளியின் வலிமைக்கு மேல் வேலை நேரம் நீளலாகாது என்று வலியுறுத்தினார். அதை நாம் பிரசங்கத்தில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறோம். முக்காலியின் மேலிருந்த துணிக்கட்டை நாம் பார்த்ததில்லை.

அந்த உறுப்பினரின் பழக்கம் அவருக்கே ஒரு நாள் சங்கடமாயிற்று. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா அவையில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்னும் வரம்பு மாறாமல், ஒரு நாளில் 12 மணி நேரம் வரை வேலை வாங்க அது இடமளித்தது. ஆளுங்கட்சியின் தோழமைக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. மூன்றே நாளில் மசோதா நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார்.

அதன் பின்னர் அவர் வந்தபோது, நூற்பாலையில் பணிபுரியும் ஒருவர் எழுந்து, "குரல் வாக்கெடுப்பில் நீங்கள் என்ன சொன்னீர்கள் ஐயா?" என்று பணிவாகவே கேட்டார். "ஆம் என்றுதான் சொன்னேன்" என்றார் உறுப்பினர். கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவியே பறிபோகும் என்னும் 1985-ஆம் ஆண்டின் கட்சித்தாவல் தடைச் சட்டத்தை அவர் மறைக்காமல் எடுத்துரைத்தார். அதைக் கேடயமாகக் கொள்ளவும் இல்லை. மசோதாவை முந்தின நாள் தாம் முழுதாகப் படிக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார். இத்துணை நேர்மையை நாம் எதிர்பார்க்கவில்லை.

முன்வரிசையிலிருந்த மூதாட்டி ஒருவர், பேத்தி துணிக்கடைக்குப் போகிறவர், கையை உயர்த்தினார். "தம்பி, சட்டம் ஆன பிறகு வந்து சொல்கிறாய், சந்தோஷம். இனி ஆகுமுன்னே ஒரு தடவை வந்து சொல்லு."

அவர் தாளைத் திருப்பி, அதன் பின்புறத்தில் எழுதிக்கொண்டார்.