10 வோல்ற்றும் 24,000 சுற்றும்

வாப்பா சேமிப்பையெல்லாம் போட்டு மரப் பட்டறைக்கு ஒரு சி.என்.சி. செதுக்கு இயந்திரம் வாங்கினார். நானா வயர்களைப் பொருத்திவிட்டு ஆளியைப் போடப் போனார். "கொஞ்சம் பொறுங்க நானா" என்றேன். மோட்டாரின் தகட்டில் 220 வோல்ற், 400 ஹேர்ட்ஸ், 24,000 சுற்று என்றிருந்தது. மோட்டாரின் வேகத்தை மாற்றும் வி.எப்.டி. பெட்டியோ 50 ஹேர்ட்ஸுக்குத்தான் அமைக்கப்பட்டிருந்தது.

இருமுனைவு மோட்டாரின் நிமிடச் சுற்று, மீடிறனின் 60 மடங்கு. 400 ஹேர்ட்ஸ் என்றால் 24,000. கணினி மென்பொருளில் நாம் கேட்கும் வேகம், கட்டுப்பாட்டுப் பலகை வழியாக 0 முதல் 10 வோல்ற் வரையான சைகையாகப் பெட்டிக்குப் போகிறது. 12,000 கேட்டால் 5 வோல்ற். பெட்டியின் உச்சம் 50 ஆக இருந்தால் அது 25 ஹேர்ட்ஸ், அதாவது 1,500 சுற்றே தரும். திரையில் மட்டும் 12,000! அதைவிட ஆபத்து வேறொன்று. 400 ஹேர்ட்ஸில் கொடுக்க வேண்டிய 220 வோல்ற்றைப் பெட்டி 50 இலேயே கொடுத்துவிடும். இரும்பு அகணி அளவுக்கு மீறிக் காந்தமாகும், ஓட்டம் எகிறும், சுருள் கருகும்.

அடிப்படை மீடிறன், உச்ச மீடிறன் இரண்டையும் 400 ஆக்கினோம். கட்டளையைப் பெட்டியின் பொத்தான்களிலிருந்து வெளி முனைகளுக்கு மாற்றினோம். சைகைக்குக் கவசமுள்ள வயர் போட்டு, மோட்டார் வயரிலிருந்து விலக்கிக் கட்டினோம்.

பிறகு 6,000 கேட்டோம். பெட்டியில் 100 ஹேர்ட்ஸ் விழுந்தது. வாப்பா பலகை எடுக்கப் போனார்.