தங்கம் பூசிய ஒளியிழை

வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் ஒளியிழையின் கண்ணாடி 125 மைக்ரான் பருமன்தான். தலைமுடியைவிடச் சற்றே தடிமன். அதன் நடுவில் 8, 9 மைக்ரான் அகலமுள்ள உள்ளகத்தில் ஒளி ஓடுகிறது. இழையைத் தண்ணீரில் போட்டாலும் எண்ணெயில் போட்டாலும் அந்த ஒளிக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருக்கிறார்கள். இதே இழையைக் கொண்டு ரத்தத்திலுள்ள ஒரு புரதத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், உள்ளே அடைபட்ட ஒளியை எப்படியாவது விளிம்புக்கு வரவழைக்க வேண்டும்.

அதற்கான அடித்தளம் கனடாவின் ஒட்டாவா நகரில் அமைந்தது. 1978இல் கென்னத் ஹில்லும் சக ஆய்வாளர்களும் இழைக்குள் லேசர் ஒளியைச் செலுத்தியபோது, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணே மாறி, உள்ளே வரிவரியாக ஓர் அமைப்பு பதிவானது. குறிப்பிட்ட ஓர் அலைநீளத்தை மட்டும் அது திருப்பி அனுப்பியது. பின்னாளில் புறஊதாக் கதிரால் இந்த வரிகளை வேண்டிய இடத்தில் பதிக்கக் கற்றுக்கொண்டார்கள். நேராகப் பதிக்காமல் சில டிகிரி சாய்த்துப் பதித்தால், ஒளியில் ஒரு பகுதி உள்ளகத்தை விட்டு விளிம்புவரை வந்துவிடுகிறது. அதே ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் ஜாக் ஆல்பர்ட்டின் குழு, இந்தச் சாய்ந்த வரிகளை உயிர் மூலக்கூறுகளைக் கண்டறியும் உணரிகளாக வளர்த்தெடுத்தது.

விளிம்பில் சுமார் 50 நானோமீட்டர் தடிமனில் தங்கப் பூச்சு. தங்கத்தின் மேற்பரப்பிலுள்ள எலெக்ட்ரான்களை ஒளியால் கூட்டாக அலையாட வைக்கலாம். ஆனால் எந்த ஒளியாலும் அல்ல. ஒளியின் மின்புலம் ஒரே தளத்தில் ஆட வேண்டும். அதுவும் உலோகப் பரப்புக்குச் செங்குத்தான கூறு அதில் இருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு உட்பட்டதைத்தான் தளவிளைவுற்ற ஒளி என்கிறோம். 1902இலேயே அமெரிக்க இயற்பியலர் ராபர்ட் வுட், வரியிட்ட உலோகத் தகட்டில் காரணம் புரியாத இருண்ட பட்டைகளைப் பார்த்திருந்தார். ஒரு திசைத் தளவிளைவில்தான் அவை தோன்றின. எலெக்ட்ரான் அலைகள்தான் காரணம் என்பது தெளிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

உருண்டையான இழைக்கு மேல், கீழ் என்று எதுவும் கிடையாது. சாய்ந்த வரிகள் அதற்கு ஒரு திசையைக் கொடுத்துவிடுகின்றன. சாய்வின் தளத்தில் ஆடும் ஒளி தங்கத்தின் எலெக்ட்ரான்களை எழுப்பும்; அதற்குக் குறுக்கே ஆடும் ஒளி எழுப்பாது. இரண்டையும் ஒப்பிட்டால் தங்கப் பரப்பில் நடப்பது தனியாகத் தெரிகிறது. இந்த முறையின் அழகே இங்குதான் இருக்கிறது.

இனிச் சோதனை எளிது. தேடும் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைத் தங்கத்தின்மேல் ஒட்டவைக்கிறார்கள். புரதம் வந்து ஒட்டியதும் பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கின் ஒளிவிலகல் எண் மாறுகிறது. எலெக்ட்ரான்களை எழுப்பும் அலைநீளமும் நகர்கிறது. சாயம் சேர்க்க வேண்டியதில்லை. வெப்பநிலை ஏறினாலும் அலைநீளம் நகரும்தான், 1 டிகிரி செல்சியஸுக்கு ஏறத்தாழ 10 பிக்கோமீட்டர். ஆனால் உள்ளகத்திலேயே திரும்பிவிடும் ஒளிக்கு வெளித் திரவம் தெரியாது, வெப்பம் மட்டும் தெரியும். அதன் நகர்வைக் கழித்துவிட்டால் போதும். தனியாக வெப்பமானி வேண்டாம்.

தொல்லைகள் இல்லாமல் இல்லை. ரத்தத்தில் ஆயிரக்கணக்கான புரதங்கள் மிதக்கின்றன. தேடாததும் தங்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதைத் தடுக்கப் பரப்பில் வேறு பூச்சுகள் தேவைப்படுகின்றன. இன்னொன்று, இழையைக் கொஞ்சம் வளைத்தாலே உள்ளே போகும் ஒளியின் தளவிளைவு மாறிவிடும். அதனால் ஆய்வகத்தில் இழையை அசையாமல் பொருத்தி, தளவிளைவைச் சரிசெய்யும் கருவி ஒன்றையும் இணைத்த பிறகே அளவீட்டைத் தொடங்குகிறார்கள்.