புற்றுக்கட்டியின் அமிலத்தன்மையையும் புரத அளவையும் அறியும் எம்.ஆர்.ஐ. முறை

வேதிப் பரிமாற்றத் தெவிட்டல் மாற்றப் படிமமாக்கல் (சுருக்கமாக, செஸ்ட் எம்.ஆர்.ஐ.) என்பது காந்த ஒத்ததிர்வுப் படிமமாக்கலின் ஒரு வகையாகும். வழக்கமான எம்.ஆர்.ஐ. படம் கட்டி எங்கே உள்ளது, எவ்வளவு பெரியது என்பதைக் காட்டும். செஸ்ட் முறையோ அக்கட்டியில் புரதம் எவ்வளவு மிகுந்துள்ளது, அதன் சூழல் எவ்வளவு அமிலத்தன்மை கொண்டது என்பவற்றைத் திசுவை வெட்டி எடுக்காமலேயே கணிக்க உதவுகிறது. இம்முறையை 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய நலவாழ்வு நிறுவனங்களைச் சேர்ந்த வார்டு, பாலபன் ஆகியோர் அடங்கிய குழு வெளியிட்டது.

கட்டியில் அமிலத்தன்மை

இயல்பான செல்கள் ஆக்சிசன் கிடைக்கும்போது குளுக்கோசை முழுமையாகச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. புற்றுசெல்கள் பலவும் ஆக்சிசன் இருக்கும்போதும் குளுக்கோசை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. செருமானிய அறிவியலாளர் ஓட்டோ வார்பர்க் 1920களில் கண்டறிந்ததால் இது வார்பர்க் விளைவு எனப்படுகிறது.

செல் தனக்குள் சேரும் அமிலத்தை வெளியே தள்ளிவிடுகிறது. கட்டியின் இரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை என்பதால் அந்த அமிலம் விரைவில் அகலுவதில்லை. எனவே செல்லுக்கு வெளியே பி.எச். மதிப்பு பல கட்டிகளில் 6.5 முதல் 6.9 வரை குறைகிறது. இயல்பான திசுவில் அது 7.4க்கு அருகில் இருக்கும். செல்லுக்கு உள்ளேயோ சற்றே காரத்தன்மை நிலவும்.

பி.எச். மடக்கை அளவுகோல் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 7.4க்கும் 6.8க்கும் வேறுபாடு 0.6 மட்டுமே, ஆனால் ஐதரசன் அயனிச் செறிவு சுமார் 4 மடங்கு உயர்ந்திருக்கும். இந்த அமிலச் சூழல் கட்டி அருகிலுள்ள திசுக்களுக்குள் ஊடுருவத் துணைபுரிகிறது. டாக்சோரூபிசின் போன்ற மென்கார மருந்துகள் இங்கு மின்னேற்றம் பெறுவதால், செல்லுக்குள் நுழையும் அளவும் குறைகிறது.

அடிப்படைத் தத்துவம்

எம்.ஆர்.ஐ. கருவி பெரும்பாலும் நீரிலுள்ள ஐதரசன் அணுக்கருக்களின் (புரோட்டான்களின்) குறிகையையே பதிவு செய்கிறது. புரதத்தின் அமைடு தொகுதிகளிலும் புரோட்டான்கள் உண்டு. ஆனால் நீரின் புரோட்டான்களோடு ஒப்பிட்டால் அவை ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. நேரடியாகப் படம்பிடிக்க இயலாது.

அமைடு புரோட்டான்கள் நீரின் அதிர்வெண்ணிலிருந்து பத்து இலட்சத்தில் 3.5 பங்கு தள்ளி ஒத்ததிர்கின்றன. 3 டெசுலா கருவியில் இது ஏறத்தாழ 450 ஹெர்ட்சு ஆகும். அந்த அதிர்வெண்ணில் மட்டும் ரேடியோ அலை செலுத்தினால் அமைடு புரோட்டான்கள் தெவிட்டி, குறிகை தர இயலாத நிலையை அடைகின்றன. அவை தொடர்ந்து நீரின் புரோட்டான்களோடு இடம் மாறிக்கொள்வதால், தெவிட்டிய புரோட்டான்கள் நீரில் சேர்கின்றன.

தொட்டி நீரில் ஒரு குவளைச் சாயநீரை ஊற்றினால் நிறம் மாறியது தெரியாது. அதையே நூறு முறை ஊற்றினால் தெரியும். அதுபோல, ஓரிரு விநாடிகள் அலை செலுத்தியபின் நீரின் குறிகை அளக்கத்தக்க அளவு குறைகிறது. இக்குறைவே புரதத்தைக் காட்டிக் கொடுக்கிறது.

புரதத்தை அறிதல்

அமைடு புரோட்டான்களைப் பயன்படுத்தும் இம்முறையை 2003ஆம் ஆண்டில் ஜான்சு ஹாப்கின்சு பல்கலைக்கழகத்தின் ஜின்யுவான் ஜோ, பீட்டர் வான் சீல் குழுவினர் அறிமுகப்படுத்தினர். இதற்கு ஊசிமருந்து தேவையில்லை. நீருக்கு இருபுறமும் 3.5 பங்கு தொலைவில் இரு அளவீடுகள் எடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் படம் உருவாக்குவர். வீரியம் மிக்க மூளைக்கட்டிகளில் செல்களும் புரதங்களும் நெருக்கமாக இருப்பதால் அப்பகுதி பிரகாசமாகத் தெரியும்.

இக்குறிகை புரத அளவை மட்டும் சார்ந்ததன்று. செல்லுக்குள் பி.எச். குறைந்தால் புரோட்டான் பரிமாற்றம் மெதுவாகிக் குறிகையும் குறையும். இரத்த ஓட்டம் தடைபட்ட பக்கவாதத்தில், புரதம் மாறாதபோதும் அப்பகுதி மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

அமிலத்தன்மையை அளத்தல்

செல்லுக்கு வெளியேயுள்ள பி.எச். மதிப்பை அளக்க, சி.டி. பரிசோதனையில் நெடுங்காலமாகப் பயன்படும் அயோபமிடால் என்னும் மருந்தை ஊசிவழி செலுத்துகின்றனர். இது செல்லுக்குள் நுழைவதில்லை. இதன் இருவகை அமைடு தொகுதிகள் 4.2, 5.5 ஆகிய நிலைகளில் ஒத்ததிர்கின்றன, இரண்டும் பி.எச். மாற்றத்துக்கு வெவ்வேறு விதமாகத் துலங்குகின்றன. இரு குறிகைகளின் விகிதத்தைக் கணக்கிடும்போது மருந்தின் செறிவு நீங்கிவிடுகிறது, பி.எச். மதிப்பு மட்டும் கிடைக்கிறது. இத்தாலியின் தூரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதில் முன்னோடிகள்.

மருத்துவப் பயன்

மூளைக்கட்டிக்குக் கதிர்வீச்சு அளித்த சில மாதங்களில், காடோலினிய மருந்துடன் எடுத்த படத்தில் ஒளிரும் புள்ளி தோன்றலாம். அது திரும்பிய கட்டியாகவோ, கதிர்வீச்சால் இறந்த திசுவாகவோ இருக்கலாம். இரண்டிலும் இரத்த-மூளைத் தடுப்பு சிதைந்திருப்பதால் படம் ஒன்றுபோலவே தோன்றும். முன்னதற்கு மீண்டும் சிகிச்சை தேவை. பின்னதற்கு மேலும் கதிர்வீச்சு தருவது தீங்காகும். உயிருள்ள கட்டியில் அமைடு குறிகை உயர்ந்தும் இறந்த திசுவில் தாழ்ந்தும் இருப்பதை 2011இல் எலிகளில் நடந்த ஆய்வு காட்டியது. பின்னர் நோயாளிகளிடமும் இது ஆராயப்பட்டு வருகிறது.

வரம்புகள்

காந்தப்புலம் சீராக இல்லாவிட்டால் கணக்கீடு பிழைபடும். கொழுப்பின் குறிகை நீரின் மறுபுறத்தில் ஏறத்தாழ அதே 3.5 பங்கு தொலைவில் அமைவதால், மார்பகம் போன்ற உறுப்புகளில் அதை நீக்க வேண்டும். இரத்தக்கசிவும் புரதம் நிறைந்த நீர்க்கட்டியும் பிரகாசமாகத் தோன்றிக் குழப்பக்கூடும். எனவே இப்படத்தைத் தனியே கொண்டு முடிவெடுப்பதில்லை, பிற எம்.ஆர்.ஐ. படங்களோடும், தேவையெனில் திசு ஆய்வோடும் சேர்த்தே மருத்துவர்கள் பார்க்கின்றனர்.