கணக்கில் சேராத கோல்

1984-ம் வருஷம் ஜூன் மாதம் 10-ந் தேதி, பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனிரோ நகரில், உலகப் பிரசித்தி பெற்ற மரக்கானா மைதானத்தில், இங்கிலாந்துக் கோஷ்டி பிரேஸில் கோஷ்டியை 2-0 என்ற கணக்கில் வென்றது. முதல் கோலைப் போட்டவர் ஜான் பார்ன்ஸ். ஜமைக்காவில் பிறந்து, சிறு வயதில் இங்கிலாந்துக்கு வந்து வளர்ந்தவர். அப்பொழுது அவருக்கு வயது 20. பிரேஸில் ஆட்டக்காரர்களை ஒருவர் பின் ஒருவராகக் கடந்து, கோல் காப்பவரையும் ஏமாற்றி, அவர் பந்தை உள்ளே தள்ளிய காட்சியைப் பந்தாட்டப் பிரியர்கள் இன்றும் எடுத்துச் சொல்லி மகிழ்கிறார்கள். இரண்டாவது கோலை மார்க் ஹேட்லி தலையால் முட்டிப் போட்டார். அவருடைய தலைக்குப் பந்தை அனுப்பியவரும் பார்ன்ஸே.

பிறகு நடந்ததுதான் நாம் இன்று எழுத வந்த விஷயம். அந்தச் சுற்றுப் பிரயாணத்தில் ஆட்டக்காரர்கள் சென்ற விமானத்திலேயே, ‘நேஷனல் பிரண்ட்’ என்னும் நிறவெறிக் கட்சியைச் சேர்ந்த சில ரஸிகர்களும் ஏறியிருந்தார்கள். இங்கிலாந்து ஜெயித்தது 1-0 என்றுதான், கறுப்பன் போட்ட கோல் கணக்கில் சேராது என்று அவர்கள் கூச்சலிட்டார்கள். தாங்கள் சேர்த்துக்கொண்ட அந்த ஒரு கோலும் கறுப்பர் காலிலிருந்தே பிறந்தது என்பது அவர்கள் புத்திக்கு எட்டவில்லை!

நாலு வெறியர்களின் உளறலுக்கு இவ்வளவு மதிப்புத் தரலாமா என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் விமானத்தில் அவர்கள் வாய்விட்டுச் சொன்னதை, மரியாதை மிக்க கனவான்கள் வாய் திறவாமலே நெடுங்காலம் செய்து வந்தார்கள். ஜாக் லெஸ்லி என்பவர் லண்டனில் பிறந்தவர், தந்தை ஜமைக்காக்காரர். பிளிமத் ஆர்கைல் கழகத்துக்காகச் சுமார் 400 ஆட்டங்கள் ஆடி 137 கோல் போட்டவர். 1925-ம் வருஷம் அவர் இங்கிலாந்துக் கோஷ்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்று செய்தி வந்தது; சில நாட்களில் அவர் பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. ஆட்டத்தில் குறை காணவில்லை. நிறத்தில்தான் கண்டார்கள் என்று லெஸ்லி கடைசிவரை கருதினார். விவ் ஆண்டர்சன் என்ற கறுப்பர் இங்கிலாந்தின் பெரியவர் கோஷ்டியில் முதன் முதலாக ஆடியது 1978-ம் வருஷம் நவம்பர் மாதத்தில். அதாவது லெஸ்லியின் பெயர் மறைந்து 53 வருஷங்களுக்குப் பிறகு. லெஸ்லி 1988-ல் காலமானார். அவருக்கு உரிய கௌரவத் தொப்பி 2023-ல் அவர் குடும்பத்தார் கைக்கு வந்து சேர்ந்தது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் பழமொழி. நிறத் துவேஷம் பிடித்த கண்ணுக்கோ ஒரு விசேஷம் உண்டு. அது இரண்டு கணக்குப் புஸ்தகங்களை வைத்துக்கொண்டிருக்கிறது. கறுப்பர் செய்யும் நன்மையை அவர் பெயரில் வரவு வைக்க அதற்கு மனம் வருவதில்லை. அவர் செய்யும் பிழையையோ, அவர் இனம் முழுவதின் பெயரிலும் பற்று எழுதிவிடுகிறது.

முதல் புஸ்தகத்தை ஒரு பரிசோதனை திறந்து காட்டியிருக்கிறது. 2020-ம் வருஷம் ‘ரன்ரிப்பீட்’ என்ற ஆராய்ச்சி ஸ்தாபனம், இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டக்காரர் சங்கத்தின் துணையுடன், ஐரோப்பாவின் பெரிய பந்தயங்களில் 80 ஆட்டங்களின் வர்ணனைகளை ஆராய்ந்தது. 643 ஆட்டக்காரர்களைப் பற்றி வர்ணனையாளர்கள் சொன்ன 2,073 அபிப்பிராயங்கள் பரிசீலிக்கப்பட்டன. ‘புத்திசாலி’ என்ற புகழ்ச்சியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் வெளிர் நிறத்தவருக்குப் போயிற்று. ‘புத்தி போதாது’ என்ற இகழ்ச்சியில் நூற்றுக்கு 60 பங்குக்கு மேல் கருநிறத்தவருக்கு வந்தது. உடல் வலுவைப் பற்றிப் பேசும்போதோ, கருநிறத்தவரைக் குறிப்பிடுவது 6 மடங்குக்கும் அதிகமாயிருந்தது. இந்த வர்ணனையாளர்கள் நிறவெறிக் கட்சிக்காரர்கள் அல்லர். புகழ்வதாக எண்ணியே பேசினவர்கள். வெள்ளையர் பந்தைக் கடத்தினால் அது யோசனை. கறுப்பர் கடத்தினால் அது தசை. வருஷக்கணக்கில் பயின்ற பயிற்சியும், நொடியில் பிறக்கும் யுக்தியும் இப்படி வரவில் விழாமலே போகின்றன. தசைக்காகப் புகழப்பட்டவனைக் கோஷ்டித் தலைவனாகவோ, பயிற்சியாளனாகவோ வைக்க யாருக்குத் தோன்றும்?

இரண்டாவது புஸ்தகம் திறந்தது 2021-ம் வருஷம் ஜூலை மாதம் 11-ந் தேதி இரவில். லண்டன் வெம்பிளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டம் 1-1 என்று சமமாக நின்று, பெனால்டி உதைகளில் இத்தாலி 3-2 என்று வென்றது. இங்கிலாந்தின் பக்கத்தில் தவறவிட்டவர்கள் மார்க்கஸ் ராஷ்போர்டு, ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாகா என்ற மூவர். சாகாவுக்கு வயது 19. மூவரும் இங்கிலாந்திலேயே பிறந்தவர்கள். முந்தின வருஷத்தில்தான், ஏழைக் குழந்தைகளுக்கு விடுமுறைக் காலத்திலும் உணவு தரவேண்டும் என்று வாதாடி, சர்க்காரின் தீர்மானத்தையே ராஷ்போர்டு மாற்ற வைத்தார். அந்த வரவெல்லாம் ஓர் இரவில் அழிந்தது. குரங்குச் சித்திரங்களும், ‘உன் நாட்டுக்குப் போ’ என்ற வசவுகளும் சமூக வலைத்தளங்களில் அம்மூவர் மேல் வந்து குவிந்தன.

பெனால்டியைத் தவறவிட்டவனைக் குறை கூறக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. குறை கூற ரஸிகனுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த இரவில் இத்தாலியிலும் இருவர் தவறவிட்டார்கள்; அதை யாரும் அவர்களுடைய இனத்தின் குற்றமாக்கவில்லை. அது மட்டுமா? அன்று இங்கிலாந்தின் பயிற்சியாளராக நின்ற காரெத் சவுத்கேட், 1996-ல் அதே வெம்பிளியில் ஜெர்மனிக்கு எதிராகப் பெனால்டியைத் தவறவிட்டவர். அவரையும் பரிகசித்தார்கள், வெகு காலம் பரிகசித்தார்கள். ஆயினும் அவர் எந்த நாட்டான் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவருடைய பிழை அவரோடு நின்றது. சாகாவின் பிழை அவருடைய பாட்டன் முப்பாட்டன் வரையில் சென்றது. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுவே.

வைதவர்கள் எங்கோ வெளிநாட்டில், முகம் காட்டாமல் ஒளிந்திருப்பவர்கள் என்று ஒரு சமாதானம் அப்பொழுது சொல்லப்பட்டது. ட்விட்டர் நிறுவனம் பிறகு வெளியிட்ட விவரம் அதைப் பொய்யாக்கிற்று. வசவுகள் அதிகமாகப் புறப்பட்ட தேசம் பிரிட்டனே. அந்நிறுவனம் நிரந்தரமாக நீக்கிய கணக்குகளில் நூற்றுக்கு 99 அடையாளம் தெரிந்தவர்களுடையவை. 2025-ம் வருஷம் பெண்களுக்கான ஐரோப்பியக் கோப்பையில் ஜெஸ் கார்ட்டர் என்ற இங்கிலாந்து ஆட்டக்காரருக்கும் இதே அர்ச்சனை நடந்தது. ஆகவே நோய் தீர்ந்துவிட்டது என்று எவரும் நிம்மதி கொள்வதற்கில்லை.

இவ்விடத்தில் ரஸிகர்களுக்கும் நியாயம் செய்யவேண்டும். சிலர் வைதார்கள் என்பதற்காகப் பந்தாட்ட ரஸிகர் கூட்டமே காலிக் கூட்டம் என்று முடிவு கட்டுவது, நாம் கண்டிக்கும் அதே கோணல் கணக்குதான். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஹில்ஸ்பரோ சாட்சி. 1989-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 15-ந் தேதி, ஷெபீல்டு நகரத்து அந்த மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் சிக்கி 97 லிவர்பூல் ரஸிகர்கள் மாண்டார்கள். வாயிலைத் திறக்க உத்தரவிட்டது போலீஸ். ரஸிகர்களே உடைத்துக்கொண்டு புகுந்தார்கள் என்று சொன்னதும் போலீஸ். ‘ரஸிகன் என்றால் குடிகாரன், முரடன்’ என்ற எண்ணம் முன்பே ஊறியிருந்ததால் அந்தப் பொய் எளிதில் விலைபோயிற்று. இறந்தவர்கள் சட்ட விரோதமாகக் கொல்லப்பட்டார்கள், ரஸிகர்கள் மேல் குற்றமில்லை என்று ஜூரர்கள் தீர்ப்புச் சொல்ல 2016-ம் வருஷம் வரையில், 27 வருஷங்கள் ஆயின.

இந்தத் தராசில் ஒரு காலத்தில் நம்மையும் நிறுத்தார்கள். கறுப்பருக்கு உடல் உண்டு, புத்தி இல்லை என்ற அதே ஆளும் வர்க்கம், வங்காளிக்குப் பேச்சு உண்டு, உடலில் வலு இல்லை என்று சொல்லி வந்தது. எவனுக்கு எது தேவையோ அது அவனிடத்தில் இல்லை என்பதே அதன் சாஸ்திரம்! 1911-ம் வருஷம் ஜூலை மாதம் 29-ந் தேதி, கல்கத்தாவில் ஐ. எப். ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், மோகன் பகான் கோஷ்டியார் ஈஸ்ட் யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்று வென்றார்கள். பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினார்கள். அந்த இரண்டு கோல்களையும் எவராலும் கணக்கிலிருந்து தள்ள முடியவில்லை. அதனால்தான் தேசமே அன்று தலை நிமிர்ந்தது.

அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ளும் நாம், நம் வீட்டுக் கணக்கையும் பார்க்கவேண்டாமா? 1977-ல் பெலே கல்கத்தாவுக்கு வந்தபோது அவரைக் காண ஜனங்கள் திரண்டார்கள். உலகக் கோப்பை நடக்கும் வருஷங்களில் கேரளத்துத் தெருக்களில் பிரேஸில் கொடி பறக்கிறது. அதே கேரளத்தில், மலப்புரம் ஜில்லா அரீக்கோட்டுக்கு அருகே, 2024-ம் வருஷம் மார்ச் மாதம் ஆட வந்த ஐவரி கோஸ்ட் தேசத்து ஆட்டக்காரர் ஒருவர், கூட்டத்தினர் தம்மை நிறத்தைச் சொல்லி வைது, கல்லெறிந்து, அடித்ததாகப் போலீஸில் புகார் கொடுக்க நேர்ந்தது. செய்தியைப் படித்தபோது நாம் வெட்கினோம். நிறத்தையும் குலத்தையும் விசாரித்த பிறகே மனிதனுக்கு மதிப்புப் போடும் பழக்கம் நம் நாட்டுக்கு இறக்குமதியான சரக்கு அன்று. பெலேயைக் கும்பிடுவது சுலபம். அவர் தூரத்தில் இருந்தவர். பக்கத்து மைதானத்தில் ஆடும் அந்நியனை மனிதனாக மதிப்பதே பரீட்சை.

சட்டம் செய்யக்கூடியது உண்டு. பந்தாட்ட மைதானத்தில் நிறவெறிக் கோஷம் போடுவதை இங்கிலாந்து 1991-லேயே குற்றமாக்கியது. நம் நாட்டிலும் சங்கங்களும் போலீஸாரும் இத்தகைய புகார்களைத் தட்டிக் கழிக்காமல் விசாரிக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறோம். ஆனால் சட்டம் வாயைத்தான் அடைக்கும்; கண்ணைத் திருத்துவது ஜனங்களின் கடமை. 2024-ம் வருஷம் ஜூலை மாதம் ஐரோப்பியக் கோப்பையில் ஸ்விட்ஸர்லாந்துக்கு எதிராக, தோல்வியின் விளிம்பில் நின்ற இங்கிலாந்தைச் சாகா ஒரு கோலால் மீட்டார். பெனால்டி உதைகள் வந்தபோது மீண்டும் முன்வந்து உதைத்து வெற்றி கண்டார். அன்று ‘நம் பிள்ளை’ என்று கொண்டாடியவர்களுக்கு நாம் சொல்வது ஒன்றே: தவறவிட்ட இரவிலும் அவன் உங்கள் பிள்ளைதான். கோல் யார் போட்டாலும் கோலே. பிழை எவர் செய்தாலும் அவர் ஒருவருடைய பிழையே. ஒரே கணக்குப் புஸ்தகம் போதும்.