எண்ணெய்க்கும் கீழே எண்ணெய்

மும்பைக்கு மேற்கே ஏறத்தாழ 160 கிலோமீட்டர் தொலைவில், அரபிக்கடலின் அடியில் உள்ளது ‘மும்பை ஹை’ எண்ணெய் வயல். 1974 பிப்ரவரியில் ‘சாகர் சாம்ராட்’ என்னும் துரப்பணக் கலம் அங்கே எண்ணெயைக் கண்டது. 1976-இல் உற்பத்தி தொடங்கியது. 1989-இல் நாளொன்றுக்கு 4 லட்சம் பீப்பாய்க்கு மேல் கிடைத்தது. இன்று கிடைப்பது அதில் ஒரு பகுதியே. கச்சா எண்ணெய்த் தேவையில் 85 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்து, அதற்கு டாலரில் விலை கொடுக்கும் நாடு நம்முடையது. எனவே அவ்வயலில் இன்னும் என்ன எஞ்சியுள்ளது என்ற கேள்வி நம் எல்லோருக்கும் உரியது.

இதுவரை எடுத்ததில் பெரும்பகுதி, நுண்துளைகள் நிறைந்த சுண்ணாம்புக்கல் அடுக்கிலிருந்து வந்தது. அதற்கும் கீழே, படுகையின் தரைபோல, கருங்கல்லும் எரிமலைப் பாறையும் கிடக்கின்றன. துரப்பணம் இந்த அடிப்பாறையைத் தொட்டதும் வேலையை நிறுத்திவிடுவதே நெடுங்கால வழக்கம்.

கருங்கல்லில் எண்ணெய் பிறப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெளியிலிருந்து வந்து தங்கலாம். மும்பை ஹை, புதையுண்ட ஒரு மேடு. அதன் பக்கத்துப் பள்ளங்களில் படிந்த களிப்பாறைகள் ஆழத்தின் வெப்பத்தில் எண்ணெயைச் சுரந்தன. நீரைவிட இலேசான அந்த எண்ணெய் மேட்டை நோக்கி ஏறியது. வழியில் வெடிப்புற்ற பாறை இருந்த இடங்களில் அதற்குள்ளும் புகுந்தது. வியட்நாமின் ‘பாக் ஹோ’ வயலில் பெரும்பகுதி எண்ணெய் இத்தகைய கருங்கல்லிலிருந்தே கிடைத்தது. மும்பை ஹையிலும், நம் காவிரிப் படுகையின் மாதானத்திலும் அடிப்பாறைக் கிணறுகள் எண்ணெய் தந்துள்ளன.

முதலீட்டுக் கண்ணோடு பார்த்தால் பழைய வயலுக்கு ஒரு பெரும் அனுகூலம் உண்டு. கடல்மேடைகளும் கரைக்குச் செல்லும் குழாய்களும் ஏற்கெனவே இருக்கின்றன. அவற்றைவிட மதிப்புள்ளது, ஐம்பது ஆண்டுக் கிணற்றுப் பதிவேடுகள் என்று நாங்கள் கருதுகிறோம். பழைய நில அதிர்வுப் பதிவுகளைப் புதிய கணிப்பொறி முறைகளால் மீண்டும் ஆராயும்போது, முன்பு புலப்படாத வெடிப்புகளும் தெரியவருகின்றன.

இடர் வேறிடத்தில் உள்ளது. வெடிப்பு ஓரிடத்தில் இருக்கும். சிறிது தள்ளி இராது. ஒரு கிணறு பீறிட, பக்கத்துக் கிணறு வறண்டு போகலாம். செங்குத்தான வெடிப்புகளைக் கிணறும் செங்குத்தாகவே சென்றால் தவறவிடும் என்பதால் சாய்வாகத் துளையிடுகிறார்கள், செலவு கூடுகிறது. அகன்ற வெடிப்புகள் முதலில் தாராளமாகத் தரும். பிறகு கீழிருந்து நீர் ஏறிவிடும். ஆகவே முதல் மாதத்து ஓட்டத்தை வைத்து இருப்பைக் கணக்கிடுவது, பண்டிகை மாத விற்பனையைக் காட்டி ஆண்டு முழுமைக்கும் கடன் கேட்பது போன்றது.

காலக்கெடுவும் உண்டு. உப்புக்காற்றில் நிற்கும் கடல்மேடைகளுக்கு ஆயுள் வரையறுக்கப்பட்டது. அவை பயனில் இருக்கும்வரை ஆழத்துச் சிறு இருப்பும் இலாபம் தரும். அவற்றைப் பிரித்தபின் கண்டறியப்படும் அதே எண்ணெய், ஒரு புதிய மேடையின் செலவைத் தாங்காது.